அந்தமானுக்கு இரண்டு கொட்டேஷன்

1. காலைப் பார்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் டிராவல்ஸ் ஓனர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். கஸ்டமர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் காலைப் பார். ரப்பர் செருப்பு என்றால் ராமேஸ்வரம் நோட்டீஸை எடுத்துக் கொடு. தோல் செருப்பு என்றால் ஊட்டி, மூணாறு. ஷூ என்றால் எழுந்து நின்று வணக்கம் வை, டீ வாங்கிவரச் சொல், சிங்கப்பூர் படத்தைக் காட்டு. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களை வரிசையாக நிறுத்தி அதே செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வரிசையில் நானும் நிற்க வேண்டியவன்தான். எனக்குப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேருக்கு இதையே நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து தீவுக்குப் போக வேண்டும் என்றார். காலைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் நோட்டீஸைக் கொடுத்தேன். அதுவும் தீவுதானே என்று எனக்கு ஒரு திமிர். அவர் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார், மடித்து மேஜையிலேயே வைத்தார், போய்விட்டார். மகன் துபாயில் இருக்கிறான், மதுரையில் வேறு ஆபீஸில் மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு டிக்கெட் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதிலிருந்தாவது நான் திருந்தியிருக்க வேண்டும். கமிஷன் போச்சே என்று வருத்தப்பட்டேனே தவிர, திருந்தவில்லை.

2. ஒரே தீவு, இரண்டு தாள்

எங்கள் ஊரில் ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி. ஆலை தொடங்கி ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட வேண்டும் என்று வந்தார். தானும் மனைவியும் மகனும் மருமகளும் அந்தமான் போக வேண்டும். கூடவே, ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த பெண்கள் பன்னிரண்டு பேரையும் தன் செலவில் அழைத்துப் போக வேண்டும். கேட்டதும் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எந்த முதலாளி இப்படிச் செய்கிறார்?

"ரெண்டு கொட்டேஷன் போடும்வே. எங்களுக்கு ஒண்ணு, பொம்பளைகளுக்கு ஒண்ணு. அவியளுக்குச் சிக்கனமாப் பாரும்" என்றார்.

இதில் ஒன்றும் தப்பில்லை. தீவுப் பயணத்தைப் பணத்துக்குத் தக்கபடி வளைப்பதுதான் எங்கள் தொழிலே. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். கடலைப் பார்த்த காட்டேஜுக்குப் பதிலாக டவுனுக்குள் லாட்ஜ், ரூமுக்கு மூன்று பேர். தீவு விட்டுத் தீவு போக, தனியார் ஃபெர்ரிக்குப் பதிலாக அரசாங்கக் கப்பல். அதில் தீவுக்காரர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு மிச்சம்தான் நமக்கு என்பதால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு மெஸ். மழைக்காலத்தில் ரூம் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் கப்பல் ஓடாமல் கரையில் மாட்டிக்கொள்வோம் என்பதால் அந்த வேலையே வேண்டாம். கடல் மட்டும் எல்லாப் பட்ஜெட்டுக்கும் ஒரே கடல்தான். இரண்டு தாளும் நன்றாக வந்தன. பெருமையாகத்தான் இருந்தது.

பெரிய பேக்கேஜ் எடுக்கிறவர்களுக்கு எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கே போய், எந்த நாள் எந்த இடம் என்ற இட்டினரியைப் பிரித்து வைத்து, என்ன எடுத்துப் போகலாம், என்ன கூடாது என்று விளக்கிவிட்டு வருவோம். அதற்கென்று ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தோம். முதலாளி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தீப்பெட்டி விமானத்தில் ஆகவே ஆகாது, கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது என்றேன்.

அவர் சிரித்தார். "தீப்பெட்டி ஊர்க்காரன்கிட்ட வந்து தீப்பெட்டியத் தொடாதங்குதீரு. நல்லா இருக்குவே" என்றார். அவர் மனைவியும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் பன்னிரண்டு பெண்களிடம் நான் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சிக்கன பேக்கேஜில் விளக்கம் கிடையாது. ஆதார் கார்டு ஜெராக்ஸை மட்டும் ஆலை மானேஜரிடம் வாங்கிக்கொண்டேன்.

3. கடலை மிட்டாய்ப் பெட்டி

பெண்களோடு வழித்துணையாக நான் ரயிலில் போனேன். முதலாளி குடும்பம் மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

கோவில்பட்டி ஸ்டேஷனில் பெண்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் செல்லத்தாய். பேக்கிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம். கழுகுமலை ரோட்டில் ஒரு கிராமம். பிளேன் மேலே ஏறும்போது காது அடைக்கும் என்று யாரோ சொல்லி, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பஞ்சு கொண்டு வந்திருந்தார். ரயில் வரும் சமயத்தில் ஆலை மானேஜர் ஸ்கூட்டரில் விரைந்து வந்து, நூல் போட்டுக் கட்டிய கடலை மிட்டாய் அட்டைப்பெட்டி ஒன்றை அவரிடம் கொடுத்தார். போர்ட் பிளேரில் ஒரு டீலர் லாட்ஜுக்கே வந்து வாங்கிக்கொள்வார், மிட்டாய்தான், பத்திரம் என்றார். எங்களுக்கும் ஒரு கட்டி உண்டா என்று நான் கேலி பேசினேன். செல்லத்தாய் அதைத் தன் பெரிய பைக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தார்.

சென்னை ஏர்போர்ட்டில் முதலாளி குடும்பமும் வந்து சேர்ந்துகொள்ள, செக்-இன் நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் போர்டிங் பாஸ் கொடுத்தேன். அதைச் சாமி படத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது செல்லத்தாய் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். குரூப் லீடர் என்று சொல்லி நானும் கூடப் போனேன்.

அந்த அறையில் மேஜை மேல் அவர் பை திறந்து கிடந்தது. மிட்டாய்ப் பெட்டியும் பிரிந்து கிடந்தது. உள்ளே அடுக்கடுக்காகத் தீப்பெட்டி பாக்கெட்டுகள். ஐம்பதாம் ஆண்டுக்கென்று முதலாளி புதிதாக அடித்த லேபிள். எங்கள் ஊர்த் தீப்பெட்டிக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும், தங்கள் லேபிளை அங்கே ஒரு கடையிலாவது இறக்காமல் திரும்ப மாட்டார்கள். கப்பலில் அனுப்பினால் நாள் ஆகும் என்று இப்படி ஒரு குறுக்கு வழி. கூடாது என்று தெரிந்துதான் முதலாளி செய்திருக்கிறார். தெரிந்ததால்தான் தன் பெட்டியில் வைக்காமல் இவர் பையில் ஏற்றியிருக்கிறார்.

பை யாருடையது என்று அதிகாரி கேட்டார். என்னுதுதான் என்றார் செல்லத்தாய். நான் வெளியே ஓடிப் போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவர் வந்தார், மேஜையைப் பார்த்தார், செல்லத்தாயைப் பார்க்கவில்லை.

"நம்ம ஆலை லேபர்தான் சார். படிப்பு கெடையாது. தெரியாம அள்ளிட்டு வந்திருப்பா" என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். மானேஜர் கொடுத்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். கூடாது என்று முதலாளியிடம் என் வாயால் சொன்னவனும் நான். அதற்குள் முதலாளி எங்கள் ஓனருக்குப் போன் போட்டு, அதை என் கையில் கொடுத்தார்.

"ஏலே, நீ ஒண்ணும் வாயத் திறக்காண்டாம். அவிய நமக்கு எத்தனை வருசத்துக் கஸ்டமர். அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகாது. மத்தவங்களக் கூட்டிட்டு ஏறு" என்றார் ஓனர்.

வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷ அனுபவம், பெரிய அனுபவம், எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இவ்வளவு சரக்கோடு வந்தவரை விமானத்தில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஃப்லோட். போலீஸ் வந்து விசாரித்து, எழுதி வாங்கி, எச்சரித்து அனுப்புவார்கள் என்றார்கள். செல்லத்தாய் யார் பெயரையும் சொல்லவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எக்மோருக்கு எந்தப் பஸ் என்று. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். தன் கையில் இருந்த போர்டிங் பாஸை என்னிடம் நீட்டினார். பிறகு மடியை அவிழ்த்து அந்தப் பஞ்சையும் எடுத்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கு வேண்டும் என்றார்.

4. கரையில் பதினோரு பேர்

அந்தமானில் நான் போட்ட திட்டம் ஒரு இம்மி பிசகவில்லை. லாட்ஜ் சுத்தமாக இருந்தது. அரசாங்கக் கப்பலில் கேட்ட நாளிலேயே இடம் கிடைத்தது. மெஸ்ஸில் ரசம் நம்மூர் ரசம் மாதிரியே இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு பேரும் கடற்கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், வேனில் ஏறினார்கள். காலை நனைக்கக்கூட இல்லை. போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். ஒரு அம்மா, "எடுத்து யாருக்குக் காட்ட? அவகிட்டயா காட்டச் சொல்லுதீங்க?" என்றார்.

முதலாளி காட்டேஜிலிருந்து போன் செய்து, பொம்பளைகள் எல்லாம் சந்தோஷமா என்று விசாரித்தார். சந்தோஷம் அண்ணாச்சி என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கு இது.

5. தூக்கும்போதே தெரிந்தது

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். மழை பெய்திருந்தது. செருப்பில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொன்றும் ஒரு படி கனம் ஏறியிருந்தது. வாங்க என்றார். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். ஆலைக்கு வழக்கம்போலப் போய் வருவதாகவும், முதலாளி எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். கேட்க அந்த ஆளுக்கு என்ன முகம் இருக்கிறது என்று நான் கத்தினேன். மானேஜர் உங்களை ஏமாற்றிவிட்டான், மிட்டாய் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான் என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் சாவகாசமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தூக்கும்போதே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. மிட்டாயி இம்புட்டு லேசா இருக்காது. இருபத்திரெண்டு வருசமாத் தூக்குதேன், எனக்குத் தெரியாதா? தீப்பெட்டிதான்னு தெரிஞ்சுதான் வச்சேன். வீட்டுக்கு வீடு அடுப்பங்கரையில கெடக்குற சாமான். அது பிளேன்ல ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

எல்லாக் கோபத்தையும் முதலாளி மேலும் மானேஜர் மேலும் ஓனர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் தெரியும். அந்தத் தாள் அன்றைக்கு என் பையில்தான் இருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். முதலாளி வீட்டில் விளக்கினேன், உங்களுக்கு விளக்கவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சிக்கன பேக்கேஜில் அந்த வழக்கம் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பேச்சை மாற்றி, உங்களை என் செலவில் அனுப்புகிறேன், கடலைப் பார்த்த நல்ல ரூம், நல்ல கப்பல், எந்த மாதம் வேண்டுமானாலும் போங்கள் என்றேன்.

"நாங்க பன்னெண்டு பேரும் ஒரே கலர்ல சேலை எடுத்தோம்" என்றார். "கடல்ல எறங்கி வரிசையா நின்னு போட்டோ எடுக்கதுக்கு. அத அங்க யாருமே உடுத்தலயாமே. அதக் கட்டிக்கிட்டு நான் மட்டும் அங்கன போயி யாரு பக்கத்துல நிக்க?"

காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பணம் குறைந்தால் ரூமைக் குறையுங்கள், கப்பலை மாற்றுங்கள், ஒரு நாளை வெட்டுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். பேச்சைக் குறைக்காதீர்கள். அதற்கு ஒரு பைசா செலவு கிடையாது. நான் அன்றைக்கு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சொல்லி முடித்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் நான் தள்ளிப் போய் நின்று போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன்.