நடையில் நின்ற இரும்பு பீரோ

2007 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். காலையிலிருந்து விடாத மழை. பிரான்சிலிருந்து பேசிய மகள் போனிலேயே அழுதாள்.

"அம்மா முகத்த காட்டுப்பா. இன்னாமோ மறைக்கிற நீ. காட்டலன்னா வெள்ளிக்கிழம டிக்கெட் போட்டு வந்துடுவேன்."

அவளுக்கு எட்டாம் மாதம். விமானம் ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து பன்னிரண்டு நாளாகப் பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் முன்னறையில். மகள் எப்போதோ வாங்கிவைத்துப் போன உருண்டைக் கேமராவின் ஒயர் ஐந்தடி. கட்டில்வரை நாற்பத்தோரு அடி. நடுவே ஒன்பதடி நடை, பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போனது. எனக்கு அதில் நடந்துபோக மட்டும் உரிமை. ஒருவர் பாகத்தில் மற்றவரின் ஒயரோ பைப்போ போகக் கூடாது என்று பத்திரத்தில் எழுதவைத்தவனே நான்தான். அவனோடு பேசி ஒன்பது வருடம்.

திங்கட்கிழமை ஒரு கடைக்காரன் ஜோடிப் பெட்டி விற்றான். ஒன்றைக் கேமராவில் மாட்டு, மற்றதைக் கம்ப்யூட்டரில் மாட்டு, ஒயரே வேண்டாம், ஐம்பதடி பாயும் என்றான். பாயவில்லை. இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொரு முறை படம் அறுந்தது. புதன்கிழமை திரும்பப் போனேன்.

"பழைய வூடா சார்? செவுரு கனமா இருக்கும்."

சுவரை அளந்துகொண்டா கேமரா வாங்க வருவார்கள்? கத்திவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை தட்டாஞ்சாவடியிலிருந்து டிவி மெக்கானிக் ஒருவரை ஆட்டோவில் கூட்டிவந்தேன். அவர் நடையில் நின்றார்.

"செவுரு இல்ல சார். கதவெல்லாம் ஒரே நேர்ல தான் இருக்குது. இந்த பீரோ பாதிக் கதவ அடைக்குது பாருங்க. இரும்பு. சிக்னல் முட்டி நின்னுடுது. ரெண்டடி தள்ளுனா போதும்."

தம்பியின் பீரோ. எனக்கு இடிக்கட்டும் என்றே அங்கே வைத்தது. வேறு வழியில்லாமல் அவன் கதவைத் தட்டினேன்.

"இன்னா, வக்கீலு ஊர்ல இல்லியா? நேரா வந்துட்ட?"

"பீரோவ ரெண்டடி தள்ளு."

"ஏன், அதோட நெழலு ஒன் பாகத்துல உழுதா?"

சொன்னேன். மகள், எட்டாம் மாதம், நாளைக்கு டிக்கெட். அவன் முகம் மாறியது.

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு? கொழந்த அங்க அழுவுது, நீ பொட்டி வாங்கினு திரியிற!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனும் மெக்கானிக்கும் தள்ளினார்கள். நான் தொடவில்லை.

படம் அறுபடாமல் நின்றது. மனைவி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். "நல்லா பாத்துக்க, உயிரோட தான் இருக்கேன். டிக்கெட்டு கிக்கெட்டுன்னு கெளம்புன, பேசவே மாட்டேன்." எதிர்முனையில் மகள் அழுதுகொண்டே சரி என்றாள்.

"அண்ணே, பீரோ கண்ணாடி போச்சி," என்றான் தம்பி. "அது ஒன் கணக்கு."

அந்தக் கண்ணாடியில் விரிசல் நாலு வருடமாக இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். பிரசவம்வரை பீரோ தள்ளிய இடத்திலேயே நிற்கவேண்டும். வாயை மூடிக்கொண்டு எண்ணிக் கொடுத்தேன்.

பெட்டி 4,650, ஆட்டோ 240, மெக்கானிக் 300, ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடி 850. மொத்தம் ஆறாயிரத்து நாற்பது ரூபாய்.