மண்டியிட்ட பெண்

அத்தையின் தையல் கடை சதுக்கத்தின் முனையில் இருந்தது. ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது மில் முதலாளியின் வெண்கலச் சிலை. கோட்டும் கைத்தடியுமாக அவர் நிற்பார். காலடியில் ஒரு வெண்கலப் பெண் மண்டியிட்டு, நூல்கண்டை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டிக்கொண்டிருப்பாள். முகத்தில் அப்படியொரு நன்றி! அத்தை அந்தப் பக்கம் காறித் துப்பிவிட்டுத்தான் கடைக்குள் நுழைவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அத்தையின் அக்கா அந்த மில்லில்தான் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் யாரும் நழுவிவிடக் கூடாதென்று கதவுகளை வெளியிலிருந்து பூட்டச் சொன்னவர் முதலாளி. பஞ்சில் தீப்பிடித்த மதியம் சாவி அவர் காரில் இருந்தது. கார் ஏதோ விருந்துக்குப் போயிருந்தது. அக்காவைச் சட்டைப் பித்தானை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதைத் தைத்தவள் அத்தை.

முதலாளி பிற்பாடு வயதாகி, நிம்மதியாகப் படுக்கையில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே சிலை வந்துவிட்டது.

"ஊருக்கு வேலை குடுத்த வள்ளல்னு எழுதி வெச்சிருக்கானுங்க. வாயில நல்லா வந்துடும் எனக்கு" என்பாள் அத்தை.

ஒருநாள் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கக் கொடுக்க வந்தவர், சும்மா இருக்காமல், "வரலாற அழிக்கக் கூடாதும்மா. நல்லது கெட்டது ரெண்டும் சேர்ந்ததுதானே அது?" என்றார்.

"கெட்டது எங்க சார் எழுதியிருக்கு? கொஞ்சம் காட்டுங்க."

வாத்தியார் இடுப்பளவைக்கூடக் கொடுக்காமல் கிளம்பிவிட்டார்.

அதன்பின் சிலையை எடுக்கச் சொல்லி யார் யாரோ ஊர்வலம் போனார்கள். சிலைமேல் சாயத்தைக் கொட்டினார்கள். முதலாளியின் பேரன்கள் ஆள் வைத்துக் கழுவினார்கள். மறுபடி சாயம், மறுபடி கழுவல். கடைசியில் நகரசபை வழிக்கு வந்தது. முதலாளியை அகற்றிவிட்டு, தீயில் செத்தவர்களுக்கு நினைவுச் சின்னம் வைப்பதாக அறிவித்தார்கள். திரையை விலக்க அத்தையைக் கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் தைத்தவள் அன்றுதான் தனக்கென்று ஒரு நல்ல துணி தைத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையை இழுத்தாள். உள்ளே அதே பெண். முதலாளி நின்ற இடத்தைச் சிமென்ட்டால் மெழுகியிருந்தார்கள். அவள் மட்டும் அப்படியே மண்டியிட்டு, யாருமில்லாத இடத்தைப் பார்த்து நூல்கண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அதே நன்றி.

எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை நகரசபைத் தலைவரிடம் திரும்பினாள்.

"என்னங்க இது?"

"நல்ல வேலைப்பாடும்மா. எதுக்கு வீணாக்கணும்னுதான்..."

"எங்கக்கா யார் கால்லயும் விழல. கதவத் தட்டித் தட்டியே செத்தா."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா. ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வாங்க."

"சீ!" என்றாள் அத்தை. கீழே கிடந்த திரையை எடுத்து அந்தப் பெண்ணின் தலையோடு போர்த்தி, இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இவ எந்திரிச்சு நிக்கறப்ப கூப்பிடுங்க. வந்து திறக்கறேன்."

மறுநாளே முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவன் அந்த முதுகின்மேல் காலை வைத்து ஷூ கயிறு கட்டினான். இன்னொருவன் நீட்டிய கையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுக் கதை பேசினான். அத்தை கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்களின் வீட்டாரைத் திரட்டிக்கொண்டு நகரசபைக்கு நடையாய் நடந்தாள். தொல்லை தாங்காமல் ஒருநாள் லாரி வந்து அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனது. இப்போது அந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன.

"இப்ப திருப்தியா அத்தை?" என்று கேட்டேன்.

"என்ன திருப்தி? நேத்து ஒருத்தி கேக்கறா, இங்க மில்லா இருந்துச்சுன்னு. அவன எடுக்கற சாக்குல எங்கக்காவயும் சேத்துத் தொடச்சுட்டானுங்க."

சொன்னதோடு விடவில்லை. பெயின்டரை வரவழைத்தாள். கதவைப் பூட்டச் சொன்னது யார், உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று கடையின் வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு எழுத்தில் எழுதவைத்தாள். கவுன்சிலர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"சதுக்கத்தோட அழகே கெடுதும்மா."

"கெடட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.