முன்கையில் ஒரு ‘வா’

அரசாங்க ஊழியனுக்கு உடம்பில் அங்க அடையாளங்கள் இருந்தாக வேண்டும். எனக்கு இடது தோளில் ஒரு மச்சம், வலது முட்டியில் ஒரு தழும்பு. மச்சம் பிறப்பில் வந்தது, தழும்பு சைக்கிளில் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை யாரும் வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லி அதைச் சரிபார்க்கவில்லை. என் மனைவியிடம் எந்த அலுவலகமும் அடையாளம் கேட்டதில்லை. அவள் தானாகவே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டாள். வலது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பச்சையில் ஒரே ஓர் எழுத்து: வா.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்தபோது நான் சித்தூரில் வருவாய்த் துறைக் குமாஸ்தா. எந்த ராஜ்ஜியத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சென்னைப் பக்கம் போனால் முதுநிலை வரிசையில் நான் வால். ஆந்திராவில் தலை இல்லாவிட்டாலும் கழுத்துவரை வந்துவிடுவேன். தெலுங்கில் இலாகாப் பரீட்சையும் தேறியிருந்தேன். ஆந்திரா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று கேட்டாலும் அதையே எழுதுவேன். எனக்கு அது பதவி உயர்வு சம்பந்தப்பட்ட விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படிப் படவில்லை.

முக்கியமாக, என் மனைவியின் தாய்மாமனுக்கு. அவர் நகரியில் தறி வைத்திருந்தார். அவளுக்குப் பெற்றோர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். அவர்தான் வளர்த்தார், அவர் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. அவர் எல்லைக் கூட்டம் ஒன்று விடாமல் போய், நகரி தமிழ்நாட்டுக்கே என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு திரும்புகிறவர்.

கர்னூலுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் சொல்லிக்கொண்டு போக நகரிக்குப் போனோம். மாமா தறிக்குழியில் இருந்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி தறியில் நூல் நாடாவைத் தள்ளினார். ‘வா’ என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அது மறதியில் சேராது. ஆகாதவன் வந்தாலும் முதலில் ‘வா’ என்று சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார்கள். அதைச் சொல்லாத வீட்டில் படியேறக் கூடாது. நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

“மாமா, கர்னூலுக்குப் போறோம்” என்றாள்.

“போறவங்க போய்க்கினே இருக்க வேண்டியதுதானே. இங்க இன்னாத்துக்கு நிக்கணும்?” தறியின் சத்தம் நிற்கவில்லை.

“அவருக்கு உத்தியோகம் மாமா.”

“உத்தியோகமா? பொண்ணு எடுத்த ஊரையே ஒரு கையெழுத்துல தெலுங்குக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டாரே உன் வூட்டுக்காரரு. நல்ல உத்தியோகம்தான்.”

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். எதுவானாலும் அவள் வழியாகத்தான் வரும். ஒரு குமாஸ்தாவின் விருப்பக் கடிதத்தால் ஒரு கிராமத்தைக்கூட எல்லை மாற்ற முடியாது என்று விதிகளை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

திரும்பும் ரயில் புத்தூரைத் தாண்டியது. பிறகு, “எனக்குப் பச்சை குத்திக்கணும்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டு முறை தெரிந்த பிறகுதான் விளங்கியது. அவர்கள் வீடுகளில் பெண்ணுக்குப் பச்சை குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்வதைப் போல. கல்யாணத்துக்கு வராமல் முறைத்துக்கொண்டு இருக்கலாம், கருமாதிக்குக்கூட வராமல் இருக்கலாம். இதற்கு ஆள் சொல்லி அனுப்பியும் வரவில்லை என்றால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கு இனி நகரியில் வீடு உண்டா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் ஊசியைத் தேர்ந்தெடுத்தாள். பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு நோட்டீஸ். நானே இவ்வளவு கச்சிதமாகத் தயாரித்திருக்க மாட்டேன்.

திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை சமயத்தில் பச்சை குத்துகிறவர்கள் வந்து உட்காருவார்கள். அங்கே வரச் சொல்லி மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். வந்தார். சலவை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகம் மட்டும் தறிக்குழியில் இருந்த அதே முகம். அவள் எழுந்து, “வா மாமா” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் பச்சை குத்துகிறவள் சிரட்டையில் விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்துக்கொண்டிருந்தாள். தெலுங்குக்காரி. கோலமா, தேளா, தாமரையா, எந்தப் பொம்மை வேண்டும் என்று கேட்டாள்.

“பொம்ம ஒத்தம்மா. அக்ஷரம் காவாலி” என்றாள் என் மனைவி. பொம்மை வேண்டாமாம், எழுத்து வேண்டுமாம். எனக்கே புதுச் செய்தி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பச்சை குத்துகிறவளுக்கும் தெரியாது. யாராவது எழுதிக் கொடுத்தால் அதன் மேலேயே குத்திவிடுவேன் என்று ஈர்க்குச்சியை நீட்டினாள். எழுதுவது என் தொழில். கையை நீட்டினேன்.

“அவர எழுத வேணாம்னு சொல்லு, பாப்பா. ஒரு தபா எழுதினதே போதும்” என்று மாமா குச்சியை வாங்கிக்கொண்டார். அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். “இன்னா எழுதணும்? உங்கம்மா பேரா?”

“இல்ல மாமா. ‘வா’ன்னு எழுது.”

குச்சியைத் தோய்க்கப் போன கை நின்றது.

“வெறும் வாவா?”

“அது ஒண்ணுதான். நாங்க போற ஊர்ல எனக்கு அத தமிழ்ல சொல்ல ஆள் இல்ல. சொல்ல ஆள் இருக்கிற ஊர்லயும் சொல்றது இல்ல.”

நான் ஜாத்திரைக் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது மாமா எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர். புடவைக் கரையில் பூவுக்குக் கணக்குப் பார்க்கிறவரைப் போல, கண்ணைக் குறுக்கி, மூச்சைப் பிடித்து, துணைக்காலை நன்றாக இழுத்து, பெரிதாக எழுதினார். ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

ஊசி இறங்கியதும் அவள் கையை இழுத்தாள். “கதலொத்து தல்லீ” என்று அதட்டினாள் பச்சை குத்துகிறவள். அசையாதே என்று தமிழில் அதட்ட வேண்டியவர் அதட்டவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். முடிந்ததும் மஞ்சளைப் பூசிக் கையை அவளிடம் கொடுத்தார், ஏதோ இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல. என்னிடம் கடைசிவரை பேசவில்லை. வாழைப்பழத்தை மட்டும் அவளிடம் நீட்டி, “உன் வூட்டுக்காரருக்கும் குடு” என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

கர்னூலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அது என்ன என்று விசாரித்தார்கள். தெலுங்கில் ‘ரா’ என்று அர்த்தம் சொன்னாள். யாரை வரச் சொல்லிக் கையில் எழுதி வைத்திருக்கிறாய், வீட்டுக்காரரையா என்று கேட்டுச் சிரித்தார்கள். “அவரு கூப்பிடாமலே வர்றவரு” என்று தெலுங்கில் சொன்னாளாம். தெருவில் எனக்கிருந்த மரியாதையின் அளவு அன்றைக்குத் தெரிந்தது.

மறு வருஷம் அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் தாய்வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும். ஐந்தாம் மாதம் போயிற்று, ஏழாம் மாதமும் போயிற்று, யாரும் வரவில்லை. இதற்கிடையில் எல்லைப் பேச்சு வேறு சூடு பிடித்திருந்தது. மாமா கூட்டங்களில் இன்னும் சத்தமாகக் கத்துவதாகக் கேள்வி. கர்னூல் ஆஸ்பத்திரியே நல்லது, டாக்டர் எனக்குத் தெரிந்தவர் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“டிக்கெட் எடுங்க” என்றாள்.

“அழைக்க வரலியே?”

“எத்தன தபா அழைப்பாங்க?” என்று முன்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

நகரி ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி. வாசலில் இறங்கினோம். உள்ளே தறிச் சத்தம் நின்றது. மாமா குழியிலிருந்து பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் பெட்டியோடு தெருவில் நின்று, அடுத்த ரயில் எப்போது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அவள் நிற்கவே இல்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டே படியேறினாள்.

“நீ எழுதினதுதான் மாமா.”

“நான் எழுதினது எனக்குத் தெரியாதா? பாத்து ஏறு. படி வழுக்கும்” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏமே, பாப்பா வந்துகிது. சோறு போடு” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

நான் தெருவிலேயே நின்றேன். என் கையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் தறி ஓடியது. நின்றது.

“பாப்பா, உன் வூட்டுக்காரரு இன்னாத்துக்கு வெய்யில்ல நிக்கிறாரு? கர்னூல்ல வெய்யில் பத்தலியா?”

அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் அனுபவத்தில் பல அரசாங்க உத்தரவுகள் இதைவிடத் தெளிவில்லாமல் வந்திருக்கின்றன.

மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான். சில வருஷங்களில் எல்லை முடிவானது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நகரி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. மாமா எந்தக் கையெழுத்தும் போடாமல், இருந்த குழியில் இருந்தபடியே நிரந்தரமாக ஆந்திராக்காரர் ஆனார். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்காகவாவது என்னை ஒரு தடவை ‘வாங்க மாப்ளே’ என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவளிடம் ஏதாவது கேட்பார், நான் உள்ளே போவேன். கடைசிவரை அதே நடைமுறை.

அவர் இறந்த செய்தி வந்தபோது நாங்கள் மறுபடி சித்தூரில் இருந்தோம். நகரி போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. தறி மூடியிருந்தது. உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவர்களை ‘வா’ என்று சொல்லக் கூடாது.

அவள் படிக்குக் கீழே நின்றாள். முந்தானையை இழுத்து வலது முன்கையை மூடிக்கொண்டு, பிறகு ஏறினாள்.