விஞ்ஞானியின் பூனைப் பனியன்

அக்கா மயங்கி விழுந்தபோது என்ன போட்டிருந்தாரோ, அதோடுதான் அத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். விற்காத பூனைப் பனியன். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பிழைப்பது கஷ்டம் என்று சொல்லி அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

தெருவில் அத்தானுக்கு விஞ்ஞானி என்று பெயர். காலேஜில் பிசிக்ஸ் சேர்ந்து முதல் வருஷமே ஃபெயிலானவர். அந்த ஆசை மட்டும் விடவில்லை. பனியனில் படம் அச்சடித்து விற்பார். நான் மடித்து அடுக்குவேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், வெளி ஆட்களிடம் எனக்குப் பேச வராது.

மரத்திலிருந்து விழும் ஆப்பிளைப் போட்டு, 'நானும் எவ்வளவோ பிடிச்சுத்தான் பார்த்தேன்' என்று கீழே எழுதினார். பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் தெம்பில் பூனையில் இறங்கினார். மூடிய பெட்டி, வெளியே நீட்டிய வால், 'இருக்கேனா, இல்லையா? திறந்து பாரு.'

"பார்சல் கம்பெனி யூனிஃபார்மா அண்ணே?" என்று கேட்டார்கள்.

அத்தான் பனியனை விரித்துப் பிடித்து ஆரம்பிப்பார். "உள்ள ஒரு பூனை, ஒரு விஷக் குப்பி. குப்பி உடைஞ்சிருக்கலாம், உடையாமலும் இருக்கலாம். திறந்து பாக்குற வரைக்கும் பூனை உயிரோடவும் இருக்கு, செத்தும் இருக்கு. பிசிக்ஸ்ப்பா!" அவர் முடிப்பதற்குள் வந்தவர் பக்கத்துக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

"வால்தான் வெளிய ஆடுதே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்பாள் அக்கா. "ஜோக்குக்குப் பாடம் நடத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் சொல்லாம ஒரே ஒருத்தர் சிரிக்கட்டும்டி. அப்புறம் நீ கேக்குற புலியைப் போடறேன்."

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் வந்த நர்ஸ், "வீட்ல பூனை வளக்கிறீங்களா சார்?" என்றாள்.

"ஆமாம்மா."

அத்தான் விளக்கம் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

"கதவைத் தட்டிக் கேட்டுப் பாக்கலாமா அத்தான்?"

"வேண்டாம்மா. மூடியே இருக்கட்டும்."

ஆனாலும் கதவு திறந்தது. சின்ன வயசு டாக்டர். பேச வாயெடுத்தவரின் பார்வை பனியனில் விழுந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு புறப்பட்டது. மறு நொடியே முகம் செத்துப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தான் இரண்டு கையாலும் மார்பிலிருந்த பெட்டியைப் பொத்தினார். "இவருக்குப் புரிஞ்சிடுச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன்.

"போயிட்டாங்கம்மா" என்றார் டாக்டர், பனியன் பக்கம் பார்க்காமல்.