பல்பைச் சுற்றிய மத்தாப்பு

சித்தி வீட்டு முற்றத்து பல்பை இப்போதும் என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை. விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், சித்தி அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். “ஏலே, இங்கன வந்து பாரு. பல்பைச் சுத்தி கலர் கலரா வளையம். துட்டு இல்லாமலே மத்தாப்பு பாக்கேன்.” நானும் சேர்ந்து சிரித்தேன். அச்சகத்தில் நாள் முழுக்கக் கலர் மையோடு மாரடிக்கிறவன். கலரைப் பார்த்து நான் ஏன் பயப்படப் போகிறேன்?

விடிந்ததும் சித்திக்கு இடது கண் சிவந்து, மண்டை பிளக்கிற வலி, வாந்தி. எங்கள் பக்கத்தில் கண் சிவந்தால் யாரும் யோசிப்பதே இல்லை. வெடிமருந்துத் தூசி பட்டிருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவு, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு, அவ்வளவுதான். கம்பெனி போர்மேனும் அதையே சொன்னார். வாந்தியைப் பித்தம் என்றார்கள். தூசியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஊர் என்ற கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கவிழ்த்தது. விருதுநகர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குள் அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது.

“தூசி ஒண்ணும் இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. “கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் உங்களுக்கு இயல்பிலேயே கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கு. வயசாக ஆக அது தடிச்சும் போச்சு. அது முன்னால இருக்கிற திரையை நெருக்கவும், உள்ள ஊறுற தண்ணி வெளியேறுற மூலை அடைச்சிருச்சு. அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. பல்பைச் சுத்தி நீங்க பார்த்த கலர் வளையம் அந்த அழுத்தத்தோட அடையாளம்தான்.” வலது கண்ணும் அதே அமைப்புதான், லேசரில் பொடித் துளை ஒன்று போட்டுவிட்டால் அதைக் காப்பாற்றலாம் என்றார்.

சித்தி விருட்டென்று எழுந்துவிட்டாள். “நல்லாத் தெரியுற கண்ணுல ஓட்டை போடச் சொல்லுதீகளே!” மிஞ்சியிருப்பது அந்த ஒரு கண். அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லேசருக்குப் பதிலாக இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் போடுவதாக நேர்ந்துகொண்டாள்.

வெள்ளியில் செய்த அந்தக் கண்களை உண்டியலில் போட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது பொழுது மங்கி, கோயில் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். சித்தி என் கையை இறுகப் பிடித்தாள். “ஏலே, மத்தாப்பு வந்துருச்சு.” இந்த முறை அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் சன்னதிக்குள் போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ சன்னதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். “ஆத்தா காட்டிட்டா. இதுக்கு மேல அவ என்னத்தக் காட்டணும்? வண்டியப் பிடிலே.”

நேராக விருதுநகர் போனோம். மருந்து விட்டு அழுத்தத்தை இறக்கி, துளை போட்டார்கள். பிறகு ஒருநாள் அந்தத் தடித்த லென்ஸையே எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று வைத்தார்கள். சித்தி என் அம்மாவின் தங்கை, ரத்த சொந்தம் என்பதால் டாக்டரம்மா என் கண்ணையும் பார்த்தார். எனக்கும் சித்தியின் அமைப்புதான், வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

இந்தத் தீபாவளிக்குத் தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சித்தி மட்டும் முற்றத்தில் பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெறும் பல்புதாம்லே,” என்றாள், வாயெல்லாம் பல்லாக. பிறகு என் தோளைப் பிடித்து பல்புக்கு நேராக நிறுத்தினாள். “உனக்கு?”

பார்த்தேன். “வெறும் பல்புதான் சித்தி.”