மெதுவாகத் துடித்த பிள்ளை

திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்தபோது எனக்கு ஆறாம் மாதம். இரண்டாயிரத்தின் தொடக்கம். கை மூட்டெல்லாம் வலி. கண்ணில் மணல் விழுந்தாற்போல் ஓயாத உறுத்தல். என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி, நாடி பிடிக்காமலே நோயைக் கண்டுபிடித்தார்: சோம்பேறித்தனம். மருந்தும் சொன்னார்: ஆட்டுரல்.

அந்த மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா என் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"புள்ளைக்கு இதயத் துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கும்மா. மதுரைக்குப் போய் ஸ்கேன் பாத்துருங்க."

வீட்டில் சொன்னதும் மதினி சிரித்தார். "இதுக்குப் போயா மதுரை? எந்தம்பி மாதிரி நிதானமான புள்ள. அம்புட்டுத்தேன்."

என் கணவர் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆகவே இந்த மருத்துவக் கருத்தை அவரால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அன்று பொத்தானைக்கூடப் போடாமல் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மதுரையில் ஸ்கேன் பார்த்து, என் ரத்தத்தையும் எடுத்தார்கள். என் உடம்பில் இருந்த ஏதோ எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடி வழியாகப் போய், குழந்தையின் இதயத்தில் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு இறங்கும் பாதையைக் கெடுத்துவிட்டதாம். மூட்டுவலியும் கண் உறுத்தலும் அதே கோளாறுதானாம்; வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார்கள். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நீளமான பெயர் இருப்பதில் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். திண்டுக்கல் வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

சொந்தக்காரர்கள் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஒருத்தி பப்பாளி என்றாள். இன்னொருத்தி, நான் தையல் மிஷின் மிதித்ததுதான் என்றாள். ரத்தப் பரிசோதனைச் செலவு வீண்.

பிரசவ நேரம் வந்ததும் மதுரையிலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கொஞ்சமாக அழுதாள், நீலம் பாய்ந்திருந்தாள். சில நாளில் அவள் வயிற்றுத் தோலுக்கடியில் சின்னப் பெட்டியொன்றை வைத்து, அதிலிருந்து இதயத்துக்குக் கம்பி இழுத்தார்கள். இனி அந்தப் பெட்டிதான் துடிப்பை நடத்தும்.

மதினிக்கு ஒரே கவலை. "ஏன் டாக்டர், கரண்டு போச்சுன்னா?"

"அது பேட்டரில ஓடும்மா."

"அப்ப நம்ம வீட்டுக் கரண்டுக்கு இது தேவலையே" என்றவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போனாள். டாக்டர் சம்மதித்த பிறகு, விளையாட்டு விழாவில் ஓடினாள். மூச்சு வாங்க என்னிடம் வந்து, "அம்மா, நான் நாலாவது!" என்றாள்.

ஓடியதே நாலு பேர். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.