டிரைவரில் பிழையில்லை

மகள் பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நேர்முகத் தேர்வு அது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை, தேர்வும் வீடியோவில்தான். லெப்டொப்பில் வைஃபை இல்லாமல் போனதால் ஒரு வாரம் தள்ளிப்போடக் கேட்டேன். தந்தார்கள். இன்னொரு தரம் தர மாட்டோம் என்றும் எழுதினார்கள்.

தவறு என்னுடையதுதான் என்று நினைத்தேன். விசிறியைத் துப்புரவாக்க லெப்டொப்பைத் திகனவில் என் அண்ணன், நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் கணவரிடம் கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், மகளை மடியில் வைத்துக்கொண்டு லினக்ஸுக்கு அப்டேட் போட்டிருந்தேன். அவள் எதையாவது அழுத்தியிருப்பாளோ? நான்தான் வாசிக்காமல் எதற்காவது ‘ஆம்’ என்று தட்டினேனோ? கணவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்த நாளிலிருந்து வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கினேன், மீண்டும் போட்டேன், அப்டேட்டுக்கு முந்திய பதிப்பிலும் ஏற்றிப் பார்த்தேன். டிரைவர் ஒரு குறையும் சொல்லாமல் ஏறியது. வைஃபை மட்டும் வரவில்லை. எங்கள் குண்டசாலை வீட்டுக்குள் ஃபோன் சிக்னலை நம்பி வீடியோவில் பேச முடியாது. கணவரின் லெப்டொப் பகல் முழுக்க அவருடைய வேலைக்கே வேண்டியிருந்தது.

“எல்லாரையும் போல விண்டோஸ் பாவிச்சா இந்தக் கரச்சல் இல்லையே,” என்றார் கணவர், சோற்றைப் பிசைந்தபடி. அதுவும் சரிதானோ என்று யோசித்தேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதைத் தேர்வு நாள் காலையில்தான் செய்தேன். உள்ளே இருக்கும் கார்ட் எது என்று லெப்டொப்பிடமே கேட்டேன். வேறொரு கம்பனியின் பெயர் வந்தது. அந்தக் கார்டுக்கு லினக்ஸில் டிரைவரே கிடையாது. என் கார்ட் அங்கே இல்லை.

நானாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“மச்சான் ஒனக்குச் சொல்லலியா? அவர்ட லெப்ல மீட்டிங் அறுந்து அறுந்து போகுதுன்டாரு. ரெண்டு பேர்ட கார்டையும் மாத்திக் குடுத்தேன். ஒனக்கு வித்தியாசம் தெரியாதுன்டு சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க, நானா?”

“நான் என்னத்தச் சொல்ல?” சிரித்தார். “நீ இப்படித் தோண்டித் தோண்டிப் பாப்பேன்டு யாருக்குத் தெரியும்?”

கணவர் மறுக்கவில்லை. ஒரு வாரமாக நான் படும் பாட்டைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர். “சண்டை பிடிக்க இதா நேரம்? இன்னைக்கு என்ட லெப்ப எடுங்க,” என்று தன் மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

என் கார்ட் அவருடைய லெப்டொப்பில் நன்றாகவே வேலை செய்தது. படம் ஒரு தரமும் உறையவில்லை. தேர்வாளர் முதலில் கேட்டது, போன வாரம் என்ன நடந்தது என்றுதான். கதவுக்கு அப்பால் கணவர் மகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

“என்னுடைய கவனக்குறைவு,” என்றேன்.